காய்ந்திருந்த எட்டாவது பிரஷ்

நாலு மணிக்கு ஜீப் கிளம்பும் என்று எஸ்.ஐ. சந்தோஷ்குமார் சொல்லிவிட்டார். கிளம்பும்போது சுகுணா அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது மணி இரண்டே கால்.

கல்யாண வீட்டின் முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று. விடிந்தால் முகூர்த்தம். ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் இல்லை. கொல்லிமலையின் குண்டூர் நாட்டுச் சொந்தபந்தம் முழுக்க பந்தலுக்குள் நின்று அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மணப்பெண் அனுராதா செம்மேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இடது கன்னம் முழுக்கக் கொப்புளம். காலையிலிருந்து இடது கண் திறக்கவில்லை. அந்தக் கன்னத்துக்கு நேற்று மாலை நலங்குக்காகப் பவுடர் போட்டவள் சுகுணா.

"டூப்ளிகேட் க்ரீம் போட்டு என்ற மக மூஞ்சியப் பொசுக்கிப்போட்டா!"

பந்தலிலிருந்து வந்தது அனுராதாவின் அப்பா சின்னுசாமியின் குரல். புகார் கொடுத்தவர் அவர்தான். காலையிலிருந்து இதையே கத்திக்கொண்டிருந்தார். கத்துவதற்கு நடுவே நடந்தார். குதிகாலைத் தரையில் வைக்காமல், விரல் நுனியில் நடந்தார். புது வேட்டிக்குக் கீழே கறுப்புக் காலுறை தெரிந்தது. மூன்று நாளாகப் பத்திரிகை வைக்க மலை மலையாக ஏறி இறங்கியவர், கால் புண்ணாகியிருக்கும் என்று சுகுணா நினைத்துக்கொண்டாள். அடுத்த கணம் அந்த நினைப்பு போய்விட்டது. அவளுக்கு அவள் கவலை.

செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுடைய பார்லர். ஆறு வருஷம். ஜீப்பில் ஏறி அந்தப் பஸ் நிலையத்தைத் தாண்டிப் போனால் அப்புறம் அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம். எவள் முகத்தைக் கொடுப்பாள்?

கதவு திறந்தது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

முன்னால் வந்தவர் அருள்மொழி. நாமக்கல்லில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். சுகுணாவின் அக்கா ஃபோன் போட்டு வரவழைத்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கைத்தறிச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். பின்னால் வந்தவன் அவருடைய உதவியாளன் பிரேம். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எழுபது வளைவுங்க," என்றான், யாரும் கேட்காமலே. "அம்பதாவதுல காலைல தின்ன இட்லிகிட்ட, நீ முன்னாடி இறங்கிக்க, நான் பின்னாடி வாரேன்னு சொல்லிட்டேன்."

"பிரேம்."

"சரிங்க மேடம்."

அருள்மொழி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தார்.

"க்ரீமை எடுத்துட்டீங்களா?"

"எல்லாத்தையும் பையில போட்டு சீல் வெச்சாச்சு மேடம். லேப் ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"எனக்கு கம்ப்ளைன்ட் இருக்கு. ஊரே வாசல்ல நிக்குது. நாலு மணிக்கு மேல இந்தப் பொண்ணை இங்க வெச்சிருந்தா அது இவளுக்கே நல்லதில்ல."

அருள்மொழி தலையாட்டினார். ஜன்னலோரம் இருந்த மேசைக்குப் போனார். மேசை விளிம்பில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்து விரித்திருந்தது. அதன்மேல் எட்டு பிரஷ்கள் படுத்திருந்தன. முடிப்பக்கம் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ஏன் இப்படி?"

"நேத்து நலங்கு முடிஞ்சு கழுவி வெச்சதுங்க. இப்படித்தான் காய வெக்கோணும்."

"எப்படிக் கழுவுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சுகுணா எஸ்.ஐ.யைப் பார்த்தாள். இதையா கேட்பார்கள்? மணி இரண்டரை.

"வெதுவெதுப்பான தண்ணிங்க. கொதிக்கக் கூடாது. குழந்தைங்களுக்குப் போடற ஷாம்பு ரெண்டு சொட்டு. முடி கீழ பாக்கற மாதிரி பிடிச்சுக்கோணும். முடி மட்டுந்தான் நனையோணும், இந்த வளையத்துக்கு மேல தண்ணி ஏறக்கூடாது." முடியையும் மரக்காம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளை வளையத்தைக் காட்டினாள். "உள்ள கோந்து இருக்குதுங்க. சூடோ தண்ணியோ போனா கோந்து இளகிரும். அப்புறம் முடி கொட்டும். உள்ளங்கையில மெதுவா சுத்தி, தண்ணி தெளியற வரைக்கும் அலசுவேன். முறுக்கிப் பிழியமாட்டேன். துண்டுல ஒத்தி எடுத்து, கையாலேயே பழைய வடிவத்துக்கு நீவி விட்டு, இப்படிப் படுக்க வெச்சிருவேன்."

"என் தலைக்கு இந்த மரியாதை கெடைச்சிருந்தா இந்த வயசுல வழுக்கை விழுந்திருக்காது," என்றான் பிரேம்.

அருள்மொழி சிரிக்கவில்லை. "டம்ளர்ல நிக்க வெச்சா என்ன?"

சுகுணா பார்வையை மேசையிலிருந்து எடுத்தாள்.

"வெக்கமாட்டேங்க. ஈரம் அடிக்கு இறங்கிரும்."

"ம்." அருள்மொழி அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். "எப்ப கழுவினீங்க?"

"ராத்திரி எட்டு மணி இருக்கும்."

"அதுக்கப்புறம் தொட்டீங்களா?"

"இல்லீங்க. காலைல வந்ததுமே உக்கார வெச்சுட்டாங்க."

"இப்ப தொட்டுப் பாருங்க. ஒவ்வொண்ணா."

எஸ்.ஐ. மறுக்கவில்லை. சுகுணா எழுந்து போனாள். கண்ணுக்குப் போடும் சின்னது மூன்றும் நுனியில் காய்ந்து அடியில் சில்லென்று இருந்தன. மற்றவை இன்னும் ஈரம். கொல்லிமலை மூடுபனியில் கைக்குட்டை காயவே இரண்டு நாள் ஆகும். கடைசியாக இருந்தது பெரியது, கன்னத்துக்குப் பவுடர் போடுவது. கறுப்பு ஆட்டுமுடி, கை நிறைய அடர்த்தி. அதைத் தொட்டதும் அவள் விரல் நின்றது.

"காஞ்சிருக்குதுங்க."

"நல்லதுதானே?" என்றார் எஸ்.ஐ.

"பெருசுதானுங்க கடைசியில காயும். இது நாளைக்குச் சாயங்காலம்தான் காயோணும்." உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து இழுத்தாள். ஒரு முடிகூட வரவில்லை. "இது என்ற பிரஷ் இல்லீங்க. நேத்து என்ற பிரஷுல முடி கொட்டுச்சு. அனு கன்னத்துல இருந்து ரெண்டு முடி எடுத்துப் போட்டேன்."

"உங்க பிரஷ் ஏன் முடி கொட்டோணும்? இப்பத்தானே சொன்னீங்க, சூடோ தண்ணியோ உள்ள போனாத்தான் கொட்டும்னு."

சுகுணா பிரஷைத் துண்டின்மேல் வைத்தாள். பந்தலில் யாரோ இருமினார்கள்.

"சுகுணா, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு," என்றார் அருள்மொழி.

"நிமிந்து நின்னுச்சுங்க," என்றாள் சுகுணா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "செவ்வாக்கிழமை ட்ரையல் மேக்கப் போட்டுட்டு, கழுவி இதே மேசையில வெச்சுட்டுப் போனேன். ஈரத்தோட பையில அடைச்சா நாறிப்போயிருமுங்க. நேத்து, புதன்கிழமை சாயங்காலம் வந்து பாத்தா, ஏழு அப்படியே இருக்குது. பெருசு மட்டும் ஒரு டம்ளர்ல நிமிந்து நிக்குது. யாரோ தொட்டிருக்காங்க. கேட்டேன். யாரும் சொல்லல. நலங்குக்கு நேரமாச்சு. ஒருக்காத் துண்டுல தொடச்சுட்டு... போட்டுட்டேன்."

"இதை எஸ்.ஐ.கிட்ட ஏன் சொல்லல?"

"என்ற கடைப் பலகையில என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? ஒவ்வொரு முகத்துக்கும் கழுவிய பிரஷ்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க பெட்டியைப் பாருங்க," என்றார் அருள்மொழி.

சுகுணா தன் மேக்கப் பெட்டியைத் திறந்தாள். நேற்றுவரை அடித்தட்டில் கவர் பிரிக்காத புது பிரஷ் ஒன்று இருந்தது. பெரியது, அதே கம்பெனி. இப்போது கவர் மட்டும் இருந்தது.

"துடைச்ச துண்டு?"

அது இதே துண்டுதான். மடிப்பை விரித்தாள். ஓரத்தில் நாலணா அளவுக்கு ஒரு புள்ளி. கன்னங்கரேல்.

"துடைச்சப்ப லேசா பழுப்பா இருந்துச்சுங்க. கண்மைன்னு நெனச்சேன். ராத்திரி பிரஷோட இதையும் அலசினேன். சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேச்சேன். போகல. இப்பப் பாத்தா இன்னும் கறுத்திருக்குது."

பிரேம் குனிந்து பார்த்தான். "இந்தப் புள்ளி எனக்குத் தெரிஞ்ச ஆளு மேடம். என் ஹாஸ்டல் சட்டைக் காலர்ல இருந்தான். சலவைக்காரர் போட்ட குறி. சட்டை கிழிஞ்சு கரித்துணியா போச்சு. இவன் மட்டும் போகவேயில்ல."

"சலவைக்காரர் எதுல குறி போடுவார்?"

"ஏதோ கொட்டைன்னு..."

"சேங்கொட்டை," என்றாள் சுகுணா.

சொன்னதும் அவள் கை தானாகத் துண்டை விட்டுவிட்டது. மலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அந்த மரத்தடியில் நிற்கக் கூடாது என்று தெரியும். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். தண்ணீரில் கழுவினால் போகாது. எண்ணெய்ப் பிசுக்கு. அடர்ந்த ஆட்டுமுடிக்குள் போனால் வேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷைக் கன்னத்தில் அழுத்தினால் வெளியே வரும்.

"அப்ப யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க," என்றார் எஸ்.ஐ. "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களா?"

"அது இருக்கட்டும். ஒண்ணு யோசிங்க." அருள்மொழி மெதுவாகச் சொன்னார். "நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பதினொண்ணு."

"வந்ததும் எதை எடுத்தீங்க?"

"க்ரீமை."

"அப்பா க்ரீம்னு கத்தறார். ஊரும் அதையே சொல்லுது. ஆனா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் பிரஷை மாத்திட்டார். கொப்புளத்தைப் பாத்ததுமே அவருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. காலைல ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்குத் திரும்பி வந்தது யாரு?"

சுகுணாவுக்குத் தெரியும். அவள் வந்தபோது எதிரே போனவர் அவர்தான். கையில் துணிப்பை, முகத்தில் ரத்தமே இல்லை.

"ருக்குமணியக்கா. அனுவோட அம்மா. மாத்துத்துணி எடுக்க வந்தாங்க."

*

வீட்டின் பின்புறம் வெந்நீர் அடுப்பு. மூன்று கல், மேலே கரிபிடித்த அண்டா. ருக்குமணி அதன் முன்னால் குந்தியிருந்தார். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி மூன்றே கால்.

பிரேம் ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினான். மூன்றாவது கிளறலில் ஏதோ ஒன்று கல்லில் பட்டு டங் என்றது. குச்சி நுனியில் தூக்கிக் காட்டினான். பித்தளை வளையம். நசுங்காமல், கறுத்து.

"மரம் எரியும், முடி எரியும்," என்றான். "இவர் மட்டும் எங்க கூடவே ஸ்டேஷனுக்கு வாரேங்கறார்."

சுகுணா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அக்கா, நீங்களா? என்னைய ஜீப்புல ஏத்தப்போறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே! நீங்களா வெச்சீங்க?"

ருக்குமணி நிமிர்ந்தார். "நான் பெத்த மூஞ்சிக்கு நானே வெப்பனா, கண்ணு?"

"இல்லீங்க," என்றார் அருள்மொழி. அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். "நீங்க வெக்கல. எரிச்சதுதான் நீங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்ல முடியல."

ருக்குமணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

"சுகுணா ஜெயிலுக்குப் போனா போகட்டும்னு நெனச்சீங்க. அது உங்களுக்கும் இவங்களுக்கும் உள்ள கணக்கு. நான் மக கண்ணைப் பத்திப் பேசறேன். டாக்டர் க்ரீம்னு நெனச்சு மருந்து போட்டுக்கிட்டு இருக்கார். எது பட்டதுன்னு அவருக்குத் தெரியோணும். நீங்க வாயைத் தொறக்கற வரைக்கும் அந்தக் கண்ணு மூடித்தான் கெடக்கும்."

ருக்குமணியின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருங்க," என்றார் கடைசியில். "செத்துருவாருங்க."

"எவரு?" என்றார் எஸ்.ஐ.

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏனுங்க சார், மணி என்னாச்சு? இவளுக்கு இன்னும் என்ன விசாரணை?"

சின்னுசாமி பின்வாசலில் இறங்கினார். கல்யாண வீட்டில் அத்தனை பேரும் வெறுங்காலில் சேற்றை மிதித்துக்கொண்டு திரிந்தார்கள். அவர் மட்டும் காலுறை போட்டிருந்தார். விரல் நுனியை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சுகுணா அந்தக் கால்களைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். மலைக்காட்டில் மரவள்ளிக்கு மண் அணைத்து, வெயிலிலும் பனியிலும் வெடித்துப்போன கால்களுக்கு என்ன மருந்து என்று அவளுக்குத் தெரியும்.

ருக்குமணி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஒரே ஒரு தரம், மிக லேசாக. கண் கெஞ்சியது.

சுகுணா அருள்மொழியைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. பிரேம்கூடக் குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். முன்வாசலில் டிரைவர் ஜீப்பைக் கிளப்பிப் பார்த்தான். இஞ்சின் உறுமி அடங்கியது.

"அண்ணா," என்றாள் சுகுணா. "குதிகாலுக்கு என்ன போட்டீங்க?"

சின்னுசாமி திகைத்தார். சண்டைக்கு வந்தவரிடம் யாரோ சாப்பிட்டாயா என்று கேட்டதுபோல நின்றார்.

"ஏன், சேங்கொட்டைதான். வெடிப்புக்கு வேறென்ன போடுவாங்க?"

"எப்பங்கண்ணா?"

"புதன்கெழமை காத்தால. இதென்ன கேள்வி?" எஸ்.ஐ.யைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சின்னுசாமியே மேலே சொன்னார். "நாளைக்கு மகளும் மாப்பிள்ளையும் என்ற காலக் கழுவிப் பாதபூசை பண்ணுவாங்கல்ல. இந்தக் காலை வெச்சுக்கிட்டு? மாப்பிள்ளை கீழ்நாட்டுக்காரரு. மலை அடிவாரத்துல, காரவள்ளியில காங்கிரீட் ஊடு. வீடியோ எடுப்பாங்க. பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்தா என்ற மக கை வெக்கக் கூசுவாளேன்னு, கொட்டையை ஊசியில குத்தி வெளக்குல காட்டி, சொட்டற எண்ணெயத் தடவினேன். எப்பவும் கோழி றெக்கையிலதான் தடவுவேன். அன்னைக்குப் பாத்து றெக்கை ஒண்ணும் சிக்கல. மேசை மேல பஞ்சாட்டம் ஒரு பிரஷ் கெடந்துச்சு. அதுல ஒரு தொடு தொட்டுத் தடவிப்போட்டு..."

"அப்புறம்?"

"சும்மா போட்டுருவனா? அடுத்தவங்க பொருளாச்சே. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி மோந்து நல்லாக் கழுவினேன் அம்மிணி. மேசை ஓரத்துல தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு, கீழ விழுந்துருமேன்னு டம்ளர்ல நேரா நிக்க..."

நின்றுவிட்டார்.

அவர் கண் சுகுணாவிடமிருந்து பிரேமின் காலடிக்குப் போனது. அங்கே சாம்பலில் பித்தளை வளையம் கிடந்தது. பிறகு மனைவியிடம் போனது. ருக்குமணி தலை நிமிரவில்லை.

"ருக்கு?"

ருக்குமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ருக்கு, எதுக்கு என்ற மொகத்தப் பாக்கமாட்டேங்கற?"

சின்னுசாமி உட்கார்ந்தார். உட்கார அங்கே ஒன்றும் இல்லை. சேற்றில் உட்கார்ந்தார், புது வேட்டியோடு.

அருள்மொழி எழுந்து எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "டாக்டருக்கு ஃபோன் போடுங்க. சேங்கொட்டைன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

எஸ்.ஐ. வீட்டுச் சுவரோரம் போய்ப் பேசினார். இரண்டு நிமிஷம். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இமைதான் வெந்திருக்கு, கண்ணுக்குள்ள போகலைங்கறார். மருந்தை மாத்தறாராம். பார்வைக்குப் பயமில்ல. கன்னத்துல தழும்பு இருக்குமான்னு இப்ப சொல்ல முடியாதாம். ரெண்டு மூணு வாரம் போகணுமாம்."

ருக்குமணி அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

"கம்ப்ளைன்ட்டை என்ன பண்றது?" எஸ்.ஐ. தணிந்த குரலில் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

சின்னுசாமி காலுறைகளைக் கழற்றினார். குதிகால் இரண்டும் கறுத்து, தோல் பொருக்காகக் காய்ந்திருந்தது. சேற்றில் கையை ஊன்றி எழுந்தார். முழுக்கால் ஊன்றி நின்றார். பின்வாசலில் வந்து குவிந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்துத் திரும்பினார். காலையிலிருந்து கத்திய அதே குரலில், அதே சத்தத்தில் சொன்னார்.

"சுகுணா மேல தப்பில்ல. நாந்தான். என்ற மக மூஞ்சிய நாந்தான் பொசுக்கினேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பந்தலுக்குத் திரும்பினார்கள்.

"மேடம்," என்றான் பிரேம் மெல்ல. "இறங்கறப்பவும் எழுபதுதானா?"

"ஆமா."

"இந்தத் தடவ வளைவ எண்ணற மனசு இல்ல," என்றான். அதில் வேடிக்கை இல்லை.

சுகுணா முன்னறைக்குப் போனாள். ஏழு பிரஷ்களையும் துண்டிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஈரத்தோடு. எட்டாவதையும் துண்டையும் மேசையில் எஸ்.ஐ.க்கு விட்டுவிட்டாள். நிமிர்ந்தபோது வாசலில் சின்னுசாமி நின்றார்.

"அம்மிணி, உங்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் இல்ல. சார் ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." கையில் காலுறைகளை உருட்டிப் பிடித்திருந்தார். "நீ கூட வாரியா?"

சுகுணா பெட்டியை மூடினாள். புதன்கிழமை மாலை இதே மேசையில் டம்ளரில் நிமிர்ந்து நின்ற பிரஷை நினைத்தாள். அதைப் பார்த்தபடி தான் நின்ற அந்த அரை நிமிஷத்தை நினைத்தாள். அப்போதுதான் அனு பக்கத்து அறையிலிருந்து சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள், அக்கா நேரமாச்சு என்று.

"வாரேனுங்க," என்றாள். "எனக்கும் அவகிட்டச் சொல்லறதுக்கு ஒண்ணு இருக்குது."

நாலு மணிக்கு ஜீப் கிளம்பியது. சுகுணா அதில் உட்கார்ந்திருந்தாள்.